கன்னியப்பனின் கல்லீரல்

ரத்தப் பரிசோதனை முடிவை யாராவது மைக்கில் வாசிப்பார்களா? பெருநகர் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவச முகாமில் வாசித்தார்கள். "கன்னியப்பன், கல்லீரல் சரியில்ல. டாக்டரைப் பாருங்க" என்றாள் மைக்கைப் பிடித்திருந்த பெண். அடுத்த பெயர் சுகுமார். சாயங்காலமானால் ஏரி மதகடியில் வேட்டி நழுவிக் கிடக்கிற அதே சுகுமார்.

"சுகுமார், நார்மல்."

கூட்டம் மொத்தமும் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஊரில் ஈரல் கெட்டது என்றால் ஒரே காரணம்தான். கன்னியப்பனோ, கறிவிருந்தில் பக்கத்து இலைக்காரன் பாட்டிலைத் திறந்தால் பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிடுகிற ஆள். குடிக்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார். அப்படிப்பட்டவர் மகள் கீர்த்திக்கு இப்போதுதான் தாமலில் ஓர் இடம் கூடி வந்திருந்தது. பையனின் அப்பா வெங்கடேசன் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய், "அப்புறம் சொல்றோம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். இந்த நேரம் பார்த்தா ஊரைக் கூட்டி ஈரலைப் பற்றிப் பேசுவார்கள்?

ரத்தக் குழாய் மாறிவிட்டது, சுகுமாருடைய ரத்தத்தைத் தன் பெயரில் போட்டுவிட்டார்கள் என்று கன்னியப்பன் மேசையைத் தட்டிச் சண்டை பிடித்தார். தொல்லை தாங்காமல் இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் அதே முடிவு வந்தது. அதுவரை சந்தேகமாக இருந்தது ஊருக்கு இப்போது உறுதியாகிவிட்டது. டீக்கடையில் சுகுமார் அவர் தோளில் கைபோட்டு, "இன்னாத்துக்குண்ணா வெக்கப்பட்ற? ஆனா தனியா மட்டும் குடிக்காத, என்னைக் கூப்டு" என்றான். டீ கிளாஸ் அவன் தலைக்கு மேலே பறந்தது.

அந்த வாரமே தாமலிலிருந்து போன் வந்தது. பெண் பிடித்திருக்கிறது, நாள் குறியுங்கள், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மனைவி பரிமளா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். கன்னியப்பன் வேறு கணக்குப் போட்டார். தாமல்காரர்கள் காதுக்கு இன்னும் விஷயம் எட்டியிருக்காது. நல்ல காரியம் என்றால் கெடுக்க நாலு பேர் நாக்கைத் தீட்டிக்கொண்டு நிற்பான்கள். அவன்கள் முந்துவதற்குள் தான் முந்திவிட வேண்டும் என்று உத்திரமேரூருக்கு பஸ் ஏறினார்.

டாக்டர் ஸ்ரீவித்யா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேரும்; மூன்று வேளையும் சோறு, பலகாரம், இந்தத் தொந்தி, இவையே போதும். ரிப்போர்ட்டில் இருக்கிற இரண்டு ஈரல் அளவுகளில், குடிக்கிறவர்களுக்கு வழக்கமாக எஸ்ஜிஓடி தூக்கலாக இருக்கும், இவருக்கு எஸ்ஜிபிடிதான் தூக்கல். ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஈரல் தழும்பேறி இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ரத்தக் கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

"தழும்பு கெடக்குதும்மா. நான் குடிக்கிலன்னு எழுதி ஒரு கையெழுத்து போடு."

"அப்படியெல்லாம் சர்டிபிகேட் தர முடியாதுங்க. உங்க ஈரலைப் பத்தி உங்களுக்குக் கவலையே இல்லையா?"

"என் ஈரலு என்னோட போயிடும். என் மானம் எம்பொண்ணோடல்ல போவுது."

டாக்டருக்கே கோபம் வந்துவிட்டது. சமீபத்தில் குடித்தாரா என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, ஆனால் சென்னைக்கு அனுப்ப வேண்டும், அதுவும் வைத்தியத்துக்குத்தானே தவிர ஊர்ப் பஞ்சாயத்துக்கு இல்லை என்று வெடுக்கென்று சொன்னார். கன்னியப்பன் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

அவர் வீடு திரும்புவதற்கு முன்பே செய்தி திரும்பிவிட்டது. குடித்தானா இல்லையா என்று பார்க்க மெட்ராசுக்கு ரத்தம் போயிருக்கிறதாம். குடிக்காதவன் எதற்காக அனுப்புகிறான்? பாழாய்ப்போன ஊருக்கு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. அதுகூடப் போகட்டும். சோறு போடும்போது பரிமளாவே குனிந்து அவர் வாய்ப் பக்கம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். கட்டின பெண்டாட்டி மோந்து பார்த்தால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

சென்னையிலிருந்து முடிவு வந்தது. மதுவின் சுவடே இல்லை. கன்னியப்பன் அதை லேமினேஷன் போட்டார்.

"கேக்காத கேள்விக்கு நாம எதுக்கு பதிலு சொல்லிக்கினு?" என்று பரிமளா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டு, காஞ்சிபுரம் போய் பஸ் மாறி, தாமலில் இறங்கினார்.

வெங்கடேசன் ஓடிவந்து சேர் போட்டார். மாப்பிள்ளை மோகன் வேலைக்குப் போயிருந்தான். அவன் அம்மா சொக்கம்மாள் காபி கொண்டுவந்தாள். கன்னியப்பன் காபியைத் தொடவில்லை. வழியெல்லாம் அடக்கிவைத்த கோபத்தோடு லேமினேஷனை டீப்பாய் மேல் வைத்தார்.

"சம்பந்தி, என்னைப் பத்தி எவனாவது உங்க காதுல ஓதிக்கினு இருப்பான். பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொட்டவன் இல்ல நான். சொன்னவன் நாக்கு அழுவிப்பூடும். இந்தாங்க, என் ரத்தமே சொல்லுது, படிங்க."

வெங்கடேசன் படித்தார். அவர் முகம் தொங்கிப்போனது. அதை மனைவியிடம் நீட்டினார். அவளும் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கன்னியப்பனுக்குத் தாங்கவில்லை. "இதுக்கு மேலயும் நம்பிக்க இல்லியா? இங்கயே ஊசி போட்டு ரத்தம் எடுங்க."

சொக்கம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"நம்புறோம்ணா, அதான் பேஜாரா கீது. பொண்ணோட அப்பாவும் குடிக்கிறாருன்னு கேள்விப்பட்டதாலதானே, இனிமே நம்ம மோகனை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னு தட்டு மாத்தவே ஒத்துக்கினோம்."