புருவம் மாறிய அம்புக்குறி

தன் கண்ணைத் தானே காப்பாற்றிக்கொள்வது என்று எலியேசர் தீர்மானித்தபோது அவருக்கு எழுபத்தோரு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு இடது கண்ணில் புரை எடுக்கப் போகிறார்கள். வலது கண் இன்னும் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தது. அதன் தயவில்தான் இரும்புலியூர் வீட்டு மாடிப்படி பதினேழும் பதினேழாகவே தெரிந்தன. கை தவறி அந்தக் கண்ணில் கத்தியை வைத்துவிட்டால்?

இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டவர் பக்கத்து வீட்டுத் துளசிங்கம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தன் சகலையோடு வேலை பார்த்த ஒருவருக்கு வலது முட்டிக்குப் பதிலாக இடது முட்டியில் ஊசி போட்டுவிட்டார்களாம். "மன்சங்க தான சார், தப்பு வர்றது சகஜம். நாமதான் உசாரா இர்க்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக வண்டி எடுக்கப் போய்விட்டார். எலியேசருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் தோல்களை எண்ணிக் கட்டுப் போட்டவர் அவர். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் ஒரு கட்டில்கூட ஒரு தோல் கூடியதில்லை, குறைந்ததில்லை. சபையில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வேர்த்துவிடும். எண்ணச் சொன்னால் மட்டும் ராஜா.

செவ்வாய் காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டுப் பேனாவோடு பீரோக் கண்ணாடி முன் நின்றார். இடது புருவத்துக்கு மேல் ஓர் அம்புக்குறி. அதுதான் திட்டம். அதைப் பார்த்தபின் எந்த டாக்டராலும் தப்புச் செய்ய முடியாது.

பேனா புருவத்தைத் தொடும் நேரத்தில் யோசனை வந்தது. கண்ணாடி இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும். அப்படியானால் கண்ணாடியில் இடப்பக்கம் தெரிகிற கண் உண்மையில் வலது கண். வலப்பக்கம் தெரிவதுதான் இடது. இவ்வளவு பேர் ஏமாறுகிற இடத்தில் தான் ஏமாறவில்லையே என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. கண்ணாடியில் வலப்பக்கம் தெரிந்த கண்ணுக்கு மேல் அழுத்தமாக ஓர் அம்பு வரைந்தார்.

இடது கையால் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்ட மனிதன் தொட்டா பார்ப்பான்?

மனைவி ரத்தினபாய் காப்பியோடு வந்தாள். அம்பைப் பார்த்தாள். அது என்னவென்று கேட்டாள். அவர் கண்ணாடியின் சூழ்ச்சியைக் கால் மணி நேரம் விளக்கினார். ஆஸ்பத்திரியில் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் அவள் சொன்னாள். இத்தனை பெரிய கணக்கைச் சொன்னால் அவளுக்கு எப்படிப் புரியும் என்று அவர் காப்பியைக் குடித்தார்.

கிளம்புவதற்கு முன் ஜெபம். அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் கொடுத்த எண்ணெயை எடுத்து அவர் நெற்றியில் பூசி, கை வைத்து ஜெபித்தாள். வழக்கமாக அவள் ஜெபம் இரண்டு நிமிஷம். அன்று ஏழு நிமிஷம் போயிற்று. நெற்றியில் தேய்த்தாள், முந்தானையால் ஒற்றினாள், நகம்போல் ஏதோ லேசாக இழுபட்டது. சிலுவை போடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். தன்மேல் அவளுக்கு இவ்வளவு பாசமா என்று வியந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. வரவேற்பில் ஒரு பெண் பெயரைக் கேட்டு, எந்தக் கண் என்றாள். சொட்டு மருந்து விட வந்தவள் எந்தக் கண் என்றாள். பிரஷர் பார்த்தவன் எந்தக் கண் என்றான். ஐந்தாவது ஆள் கேட்டபோது, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே என்று அவர் கலங்கினார். எட்டாவது ஆள் கேட்டபோதுதான் புரிந்தது. தெரியாமல் கேட்கவில்லை. ஒருவர் எண்ணியதை அடுத்தவர் நம்பாமல் மறுபடி எண்ணுகிறார்கள். தோல் கட்டை அவர் இரண்டு தடவைதான் எண்ணுவார். இவர்கள் ஒரே ஒரு கண்ணை எட்டுத் தடவை எண்ணுகிறார்கள். அவருக்கு அந்தக் கட்டடத்தின்மேலேயே ஒரு பயபக்தி உண்டாயிற்று.

ஒன்பதாவதாக வந்தவர் ஹெப்சி என்ற மூத்த சிஸ்டர். ஃபைலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"அம்பு யாரு போட்டது ஐயா?"

"நான்தாம்மா. கண்ணாடி பார்த்து."

"பரவாயில்லையே. கண்ணாடி பார்த்து எழுதறவங்க சிலர் மாத்தி எழுதிட்டு வந்துடுவாங்க. கண்ணாடியில வலப்பக்கம் தெரியறது நம்ம வலது கண்ணுதான். அதுல ரொம்ப யோசிச்சாத்தான் தப்பாகும். நீங்க கரெக்டா இடது கண்ணு மேல போட்டிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே இடது புருவத்தை விரலால் தொட்டு, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்.

எலியேசர் கணக்கைத் திருப்பிப் போட்டார். அவர் எழுதியது கண்ணாடியில் வலப்பக்கம் தெரிந்த கண்ணுக்கு மேல். அதாவது வலது கண்ணுக்கு மேல். நல்ல கண்ணுக்கு மேல். கத்திக்கு அவரே வழி காட்டியிருக்கிறார். ஆனால் அம்பு இப்போது இடது புருவத்தில் இருக்கிறது. வலது புருவத்தைத் தடவிப் பார்த்தார். எண்ணெய்தான் இருந்தது.

அம்பு தானாக மூக்கைத் தாண்டிப் போயிருக்கிறது.

ஆபரேஷன் நடந்தது அவருக்கு நினைவே இல்லை. வெளிச்சம் வந்தது, தண்ணீர் வந்தது, முடிந்தது என்றார்கள். அவர் மனம் முழுக்க அந்த அம்புதான். மறுநாள் கட்டைப் பிரித்தபோது எதிர்ச்சுவர் அவ்வளவு வெள்ளையாக இருந்ததைப் பார்த்து அழுதுவிட்டார்.

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. முப்பது வருஷமாகச் சபையில் வாய் திறக்காதவர் போதகர் ஐயருக்குத் தானே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இந்த அற்புதத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். துளசிங்கத்திடமும் சொன்னார். அவர் ஆட்டோவையே நிறுத்திவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சனிக்கிழமைக்குள் விஷயம் தெரிந்தவர்கள் இருபத்தொன்பது பேர்.

சனிக்கிழமை சாயங்காலம் ரத்தினபாய் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் நின்று சாட்சியை ஒத்திகை பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியாத ஒரு கை வந்து, என் நெற்றியில் இருந்த அம்பை அழித்து, சரியான பக்கத்தில் எழுதியது..."

"அந்தக் கை எத்தனை மணிக்கு வந்துச்சுங்க?"

"நீ ஜெபம் பண்றப்ப வந்திருக்கணும். ஆறே கால்."

"ஆமா. அப்பத்தான் என் கையில எண்ணெய் இருந்துச்சு."

அவர் ஒத்திகையை நிறுத்தினார்.

"நீயா?"

"பால்பாயிண்ட் மை லேசுல போகல. ரெண்டு வாட்டி துடைக்க வேண்டியதாப்போச்சு. அதான் ஜெபம் கொஞ்சம் நீண்டுச்சு."

"தப்புன்னு உனக்கெப்படித் தெரிஞ்சது?"

"நீங்க வாட்ச் கட்டுற பக்கம் அம்பு இல்ல. இதுல என்ன இருக்கு?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னையும் கண்ணாடி முன்னால நிக்கவெச்சு மத்தியானம் வரைக்கும் விளக்கியிருப்பீங்க. ஏழு மணிக்குப் போக வேணாமா?"

எலியேசர் உட்கார்ந்தார். ஏமாந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நாளைக்கு ஆராதனையில் என்ன சொல்வது? ஐயர் அறிவிப்பில் பெயரையே சேர்த்துவிட்டார். எழுந்திருக்காமல் இருக்க முடியாது. எழுந்து பொய் சொல்லவும் முடியாது. ஒரு தோலைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர் ஆண்டவர் சந்நிதியில் ஓர் அற்புதத்தைக் கூட்டிச் சொல்வதா? புதுக் கண்ணால் மனைவியைப் பார்த்தார். நாற்பத்துமூன்று வருஷத்தில் அவள் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. பீன்ஸ் ஒவ்வொன்றும் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது. அவள் எதையும் எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து நின்றார். சட்டை நனைந்தது. கண்ணாடிக் கணக்கு, அம்பு, எண்ணெய், எல்லாவற்றையும் இருந்தபடியே சொன்னார். கடைசியில், "நான் தப்பாக் காட்டின வழியை ஒரு கை அழிச்சு எழுதிச்சு. அந்தக் கை அதோ, பெண்கள் பக்கம் தூணோரமா உட்கார்ந்திருக்கு" என்றார். சபை முழுக்கத் தூண் பக்கம் திரும்பியது. முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஐயரே ஆமென் என்றார். ரத்தினபாய் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. உண்மையைச் சொன்ன தைரியத்துக்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று ஜி.எஸ்.டி. ரோடு தாண்டும்வரை காத்திருந்தார்.

அவள் சொன்னாள்: "அடுத்த மாசம் வலது கண்ணு. நீங்க பேனாவைத் தொடாம, பேசாம கண்ணை மூடிட்டு உக்காந்தாப் போதும்."