அப்பீல் அண்ணனும் இலகுவான வேலையும்

நெய்வேலியில் முதல் தீர்ப்பை ஒத்துக்கொண்டதே இல்லாத ஒரே ஜீவன் அப்பீல் அண்ணன்தான். எமன் வந்தாலும், ‘உத்தரவு நகல் எங்க?’ என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

கிரிக்கெட்டில் அவுட் கொடுத்தால், மூன்று நாள் கழித்து அம்பயர் குவார்ட்டர்ஸுக்கே போய்க் கதவைத் தட்டுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘மாப்பிள்ளை பிடிக்கலை’ என்றதற்கு, “காரணத்த எழுத்துல குடுங்க” என்று மறுநாளும் போய் நின்றார். எழுதித் தருவதைவிடக் கட்டிக்கொள்வது சுலபம் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். இவருடைய மனுக்களை எல்லாம் எழுதியவன் நான். கையெழுத்து அழகாக அமைந்துவிட்ட பாவம்!

கான்ட்ராக்ட் வேலையில், நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் தூள் கூட்டியே இருபது வருஷம் ஓட்டியவர் அண்ணன். கடைசியில் அந்தத் தூசியே நெஞ்சை அடைத்துக்கொண்டது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். “பீடிப் புகைதான் காரணம்” என்றது கான்ட்ராக்ட் கம்பெனி. எங்கள் டீக்கடைக்காரர் சாட்சிக்கூண்டில் ஏறினார்.

“பீடியா? சக்கரை பத்தலன்னு ஒத்த டீய மூணு தடவ திருப்பி அனுப்புறவருங்க. பீடி வாங்கியிருந்தா என் கடைய எப்பவோ மூடியிருப்பேங்க.”

பீடி வாதம் புகையாகப் போனது. ஆனால் உத்தரவில், ‘தூசியால் வந்த நோய்தான், இருந்தாலும் இலகுவான வேலை செய்யலாம்’ என்று எழுதி நஷ்டஈட்டைக் குறைத்துவிட்டார்கள்.

“வந்தத வாங்கிக்கினு வூட்டுல இருங்க” என்றார் அண்ணி.

“இலகுவான வேலைன்னா எது? பேரச் சொல்லச் சொல்லு!” என்றார் அண்ணன். அப்பீல் சென்னைக்குப் போனது. ‘ஒன்றுமே தரக்கூடாது’ என்று கம்பெனியும் ஓர் அப்பீல் போட்டது. தன் ஆயுதத்தை எதிரியும் எடுத்ததில் அண்ணனுக்குப் பயங்கரக் கோபம்.

விசாரணையன்று துணைக்கு நானும் போனேன். “வாட்ச்மேனாக உட்காரலாமே” என்றார் கம்பெனி வக்கீல். நீதிபதி அண்ணனைப் பார்த்து, “உட்காரலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா ஒக்காருவேங்க அய்யா. திருடன் வந்தா தொரத்தணுமா, வழி வுடணுமா? அத மட்டும் உத்தரவுல போட்டுடுங்க.”

கோர்ட்டே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண் பிதுங்க, காற்றைத் தேடினார். எல்லோர் சிரிப்பும் நின்றது. நாற்காலி போட்டார்கள்; தண்ணீர் வந்தது. எதிர் வக்கீல் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றே தீர்ப்பைச் சொன்னார்கள். எங்கள் வக்கீலம்மா வராந்தாவில் விளக்கினார்: “அவங்க அப்பீல் தள்ளுபடி. உங்களால இனிமே எந்த வேலையுமே செய்ய முடியாதுன்னு கோர்ட் ஒத்துக்கிச்சு. முழு நஷ்டஈடு!”

“ஜெயிச்சிட்டோம்ணே!” என்று குதித்தேன்.

அண்ணன் குதிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: “எந்த வேலையுமேவா? ஏம்பா, இது தப்புன்னு சொல்றதுக்கு மேல எங்கனா எடம் இருக்குதா?”

திரும்பும் பஸ்ஸில் பண்ருட்டி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தது. நெய்வேலி வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.