நடைப்பயிற்சிக்கு வந்த வரி

இரண்டாவது வேலைக்குக் கூடுதல் வரி என்று உலகம் நம்புகிறது. உலகத்தைத் திருத்துவது என் கடமை. கூடுதல் வரி கிடையாது. வரியில்லாத ஆரம்பத் தொகையை முதல் வேலையே சாப்பிட்டுவிடுகிறது. ஆகவே இரண்டாவதில் முதல் காசிலிருந்தே பிடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

பகலில் எனக்கு நூலக வேலை. மாலையில் நடைப்பயிற்சி; மனைவியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். நடந்தது அச்சகம் வரைக்கும். அங்கே உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தினேன். சாய்ந்து படிக்க ஒரு தோல் நாற்காலி வேண்டும். கேட்டால், "நாலு நாற்காலி இருக்கே" என்பாள். அச்சகச் சம்பளம் வீட்டு அகராதியின் பக்கங்களுக்குள் ரகசியமாக வளர்ந்தது.

அச்சகப் படிவத்தில் 'வேறு வேலை உண்டா?' என்றிருந்தது. விஷயம் வீடு வரை போய்விடுமோ என்று 'இல்லை' போட்டேன். படிவத்திலிருந்த இரண்டு எழுத்துப்பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன்.

வருஷக் கடைசியில் வரி அலுவலகக் கடிதம் வந்தது. பிரித்தது மனைவி.

"ஏங்க, நடக்கிறதுக்கெல்லாமா வரி போடுறாங்க?"

"எ... என்ன?"

"ரெண்டு இடத்துலயும் இதான் ஒரே வேலைன்னு எழுதி, வரிவிலக்கை ரெண்டு தடவை வாங்கிட்டீங்களாம். பாக்கியைக் கட்டணுமாம்."

தொகையைப் பார்த்தேன். நாற்காலியின் நான்கு கால்களும் போயின.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வருஷம் பூரா நடந்து மூணு கிலோ ஏறியிருக்கீங்க. சட்டைக் கையெல்லாம் சிவப்பு மை. தெரியாம என்ன?"

"ஏன் கேக்கல?"

"நீங்க கிளம்பினாத்தானே நான் தையல் வகுப்பு எடுக்கப் போக முடியும்?"

பகலில் மருந்துக்கடைக் கல்லாவில் இருப்பவள். மாலையில் வகுப்பாம்!

"அப்போ உனக்கும் கடிதம் வருமே!"

"வராது. வேறு வேலை உண்டுன்னு எழுதிட்டேன். மாசாமாசம் பிடிச்சுட்டாங்க."

"இந்த விதியெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"பக்கத்து வீட்டுக்காரரை நிக்க வச்சு ஒரு மணி நேரம் விளக்கினீங்களே. பாவம், அவர் நின்னுக்கிட்டே தூங்கிட்டார். நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

என் பேச்சை முழுதாகக் கேட்ட ஒரே ஜீவன்! நெஞ்சு நெகிழ்ந்தது.

"வரியை என் தையல் காசுல கட்டிடறேன். அகராதியில இருக்கிறதைத் தொடாதீங்க, நாற்காலி வாங்கிடுவோம்."

"அகராதியும் தெரியுமா?"

"தூசி தட்டுறது யாரு?"

இப்படி ஒருத்தி வாய்க்க நான் என்ன செய்தேனோ தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, அவள் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டாள்.

நாற்காலி வெள்ளிக்கிழமை வந்தது. அச்சகமும் வகுப்பும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவள் அதில் சாய்ந்து படிக்கிறாள். நான் நிஜமாகவே நடக்கப் போய்விடுகிறேன்.