நாமம் இல்லீங்க, ந மம!

போன மாசம் பம்மல்ல ஒரு வாடகை வீட்டுக்குக் குடி வந்தோம். வந்த கையோட ஒரு கணபதி ஹோமம். என் வேலை ஒண்ணே ஒண்ணுதான். சாஸ்திரிகள் ‘ஸ்வாஹா’ன்னதும் நான் ‘ந மம’ன்னு சொல்லணும்.

“சீக்கிரம் சொந்த வீடு அமையணும்னு மனசார வேண்டிக்கிட்டு சொல்லுங்க”ன்னா என் மனைவி உமா.

என் வாய் சும்மா இருக்குமா? “சாமி, ஸ்வாஹான்னா முழுங்கறதுதானே? ஆபீஸ்ல என் டிபன் பாக்ஸை தினமும் ஸ்வாஹா பண்றாங்களே!”

சாஸ்திரிகள் ஒரு பார்வை பார்த்தார். “தேவதைக்கு சமர்ப்பணம்னு சொல்லி அக்னியில போடற வார்த்தை அது. நீங்கள்லாம் அதை டிபன் பாக்ஸ் வரைக்கும் கொண்டு வந்துட்டேள். ‘ந மம’ன்னா ‘என்னுது இல்லை’ன்னு அர்த்தம். சொல்லுங்கோ.”

ஸ்வாஹா. ந மம. ஸ்வாஹா. ந மம.

கொஞ்ச நேரத்துல வாய் தானா ஓட ஆரம்பிச்சுடுச்சு. சாஸ்திரிகள் தும்மினாலும் ந மம! உமா “நெய் எங்கங்க?”ன்னு கேட்டாலும் ந மம!

ஹோமத்துல போட நான் வாங்கிட்டு வந்த சமித்துக் குச்சி வேற ஈரம். புகை குபுகுபுன்னு மாடி ஜன்னல் வழியா கீழே ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு இறங்கிடுச்சு.

புகை இறங்கின வேகத்துல ஹவுஸ் ஓனர் அண்ணன் மேலே ஏறி வந்தார். “சுவத்துல ஒரு ஆணி அடிச்சாலும் காலி பண்ணணும்”னு சொல்லி சாவி கொடுத்த மனுஷன்! குரோம்பேட்டை, பல்லாவரம்னு நாயா அலைஞ்சு பிடிச்ச வீடு.

“இன்னாபா இது! புதுசா பெயின்ட் அடிச்ச செவுரு! இது யார் வூடுன்னு நெனச்சுகினு கீற?”

“ந மம!”

சத்தியமா நான் சொல்லலை. வாய் சொல்லிடுச்சு.

“இன்னாது, நாமமா? எனக்கே நாமம் போடறியா?”

“ஐயோ அண்ணே, நாமம் இல்லீங்க, ந மம!”

“மறுபடியும் சொல்றான் பாரு! நாளைக்கே காலி பண்ணு!”

சாஸ்திரிகள்தான் குறுக்கே பூந்தார். “கோவிச்சுக்காதீங்கோ. ‘என்னுது இல்லை’ன்னு சொல்றார். நீங்க கேட்டதுக்கு சரியான பதில்தான் அது.”

அண்ணன் ஹோம குண்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

“நெருப்பு சாட்சியா சொல்லிக்கினு கீறியா? முன்னாடி இருந்தவன் காலி பண்ண மாட்டேன்னு கோர்ட்டுக்குப் போனான்பா! நீ தங்கம். எத்தினி வருஷம் வோணாலும் இங்கியே இரு!”

சொல்லிட்டு எதிர்லயே சம்மணம் போட்டு உக்காந்துட்டார். “எங்க, இன்னொரு தபா சொல்லு?”

ஹோமம் முடியற வரைக்கும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடி ரசிச்சார்.

எல்லாரும் போனதும் உமா மெதுவா கேட்டா. “சொந்த வீடு கேட்டு ஹோமம் பண்ணினோம். பிள்ளையார் முன்னாடி உக்காந்து ‘வீடு என்னுது இல்லை’ன்னு இத்தனை தடவை சொல்லியிருக்கீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?”

மந்திரமெல்லாம் பலிக்காதுன்னு இனிமே யாராவது சொன்னா, என் வாடகை அக்ரிமென்ட்டை எடுத்துக் காட்டலாம்னு இருக்கேன்.