கல்யாண மெத்தையில் மோதிய மோட்டார் சைக்கிள்

இலஞ்சி,
12-6-1963

மதிப்பிற்குரிய சம்பந்தி நமசிவாயம் அவர்களுக்கு, குற்றாலலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். தென்காசி வேலைக்கு நீங்கள் நம்பி அனுப்பிய உங்கள் மகன் சிவசைலமும் நலம், வலது மணிக்கட்டைத் தவிர. அதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். குற்றம் முழுவதும் என்னுடையது.

தென்காசியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் முகம்மது மீரான் என் பழைய மாணவன். அவனும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில், இலத்தூர்ப் பாதையில் நேராக இரண்டு பர்லாங்கு யார் முந்துவது என்று பந்தயம் வைத்தார்கள். ஒரு பக்கம் தோப்புச் சுவர், மறுபக்கம் வயல், கடைசியில் குளத்துக்கரை. தடுக்கப் போன நான், பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்து, தடுப்பதை மறந்துவிட்டேன். முட்டையைச் சுவரில் எறிந்தால் உடையும். தொய்வாகப் பிடித்த வேட்டியில் எறிந்தால் உடையாது. ஆகவே வேகத்தை வாங்கிக்கொள்ளும் மெத்தென்ற தடுப்பு வேண்டும் என்று சொல்லி, கரையோரம் உமி மூட்டைகளை அடுக்கவைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். தோப்புச் சுவருக்கும் வேண்டும் என்று தோன்றியது. மூட்டை தீர்ந்துவிட்டது. வீட்டில் என் மகள் அகிலாவின் சீருக்குத் தைத்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டு இருந்தன. வெயில் காட்டிக் கொண்டுவருகிறேன் என்று என் மனைவி பேராச்சியிடம் சொல்லி, மாட்டுவண்டியில் ஏற்றிப் போய்ச் சுவரோடு சாத்திக் கட்டிவிட்டேன்.

"சார்வாள், செவத்துல லேசா உரசினா வண்டி வழுக்கிக்கிட்டே போயிரும். மெத்தைன்னா பிடிச்சுல்லா இழுக்கும்" என்றான் மீரான்.

"ஏலே, விசைப் பாடத்துல முட்டை வாங்கினவன்லா நீ? பேசாம வண்டிய எடு" என்றேன்.

மாப்பிள்ளைதான் முந்தி வந்தார். கைப்பிடி மெத்தையில் லேசாகத்தான் பட்டது. முள்வேலி வேட்டியைப் பிடிப்பது போல மெத்தை அதைப் பிடித்துக்கொள்ள, வண்டி பம்பரமாகச் சுற்றி மீரானின் வழியில் போய் விழுந்தது. அவன் வயலில் இறங்கித் தப்பினான். சேற்றோடு எழுந்து வந்து மாப்பிள்ளையைத் தூக்கினான். என் வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சையும் தட்டிவிட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கிழிந்த மெத்தைகளோடு வீட்டுக்குள் நுழைந்தேன். "வெயில் காட்டுன மெத்தையா இது? மாப்பிள்ளையா வந்து படுக்க வேண்டியவரு வண்டியோட வந்துல்லா படுத்திருக்காரு! சம்பந்தி வீட்டுக்கு எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போவிய?" என்றாள் பேராச்சி. அகிலா கேட்டது ஒன்றே ஒன்று: "கல்யாணம் நடக்குமாப்பா?"

நேரே வந்து மோதுகிற இடத்துக்கு மெத்தென்ற தடுப்பு. உரசிப் போகிற இடத்துக்கு வழுவழுப்பான சுவர். முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவனுக்கு இது ஒரு மணிக்கட்டு ஒடிந்த பிறகுதான் விளங்கியது. லேசான விரிசல்தான், ஆவணியில் தாலி கட்டத் தடையிராது என்கிறார் வைத்தியர். என் மடமைக்காக என் மகளைத் தண்டித்துவிடாதீர்கள். நடந்ததை மறைத்துப் பெண் கொடுக்க மனம் வரவில்லை.

அம்மாளுக்கு எங்கள் வணக்கம். குற்றாலநாதர் அருளால் தங்கள் குடும்பம் தழைக்கட்டும்.

தலைகுனிந்து,
குற்றாலலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை வந்து இதைப் படித்துவிட்டு, இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, சைக்கிள்லேருந்து விழுந்தேன்னு அப்பாவுக்கு முந்தாநாளே எழுதிட்டேன்! மோட்டார் சைக்கிள் வாங்குனதே அவுகளுக்குத் தெரியாது." என்னிடம் வேறு கடிதத்தாள் இல்லை. ஆகவே மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. மாப்பிள்ளை சைக்கிளிலிருந்துதான் விழுந்தார். மெத்தைகள் எப்படிக் கிழிந்தன என்று மட்டும் பேராச்சியிடம் கேட்டுவிடாதீர்கள்.