கண்ணாடிக் கூடையும் கருகிய வேட்டியும்

வெளிச்சம் போதாவிட்டால் படம் விழாது என்பது போட்டோ பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். வெளிச்சம் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதை என் அளவுக்கு அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. (என்னோடு சேர்ந்து அனுபவித்தது என் வேட்டி.)

அது யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன். பெட்ரோமாக்ஸ் ஏற்றிவைத்துப் படம் எடுப்பதெல்லாம் சேலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கே பெரும்பாடு. அப்படி ஒரு ஸ்டுடியோவில் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று போய்க் கேட்டேன். அவர்கள் கேட்ட தொகையை அதியமான்கோட்டைக்குத் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"அதுக்கு ரெண்டு மாடு வாங்கலாம். மாடு பால் குடுக்கும். நீ என்னா குடுப்ப?" என்றார்.

சேலத்து ஆசை அத்தோடு போயிற்று.

ஆனால் என்னிடம் கேமரா இருந்தது. கல்யாணத்தின்போது மாமனார் மோதிரம் போடுவதாகச் சொன்னார். மோதிரம் வேண்டாம், பழைய மரக் கேமரா ஒன்று விலைக்கு வருகிறது, அதை வாங்கிக் கொடுங்கள் என்றேன். (மாப்பிள்ளைக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பெண் வீட்டார் தனியாகக் கூடிப் பேசினார்களாம்.)

குருவாக வாய்த்தவை, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் போட்டோ பத்திரிகைகள். விளக்கை எங்கே வைப்பது, நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அம்புக்குறியே போதுமானதாக இருந்தது. படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டின் விலை கட்டுப்படியாகாது என்பதால் பிளேட்டே போடாமல் பழகினேன். என் மனைவி காவேரி வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைப்பாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் அவள் முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பேன். பிறகு நான் போய் உட்காருவேன், அவள் பார்த்துச் சொல்வாள்.

முதல் முறை பார்த்துவிட்டு, "ஏனுங்க, தலகீழா நின்னா நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

விளக்குக்கு வழியில்லாததால் சூரியனையே வேலைக்கு வைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கிப் பளபளவென்று தேய்த்தேன். வெள்ளை வேட்டியைச் சட்டத்தில் கட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கண்ணாடிக் கூடை செய்தேன். அகலமான மூங்கில் கூடை. முடிதிருத்தும் கடையில் கிடைத்த உடைந்த கண்ணாடித் துண்டுகளை அதன் உட்பக்கம் முழுவதும் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினேன். வெயிலில் சாய்த்துவைத்தால் எதிரே இருக்கும் முகம் ஜொலிக்கும். பத்திரிகையில் இதைப்பற்றிய எச்சரிக்கை ஏதாவது இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் யாரோ பக்கோடா மடித்துத் தின்றிருக்கவேண்டும்.

முதல் அழைப்பு நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தது. சென்னம்மாள் என்ற அம்மாளின் மகன் முனுசாமி பட்டாளத்தில் இருந்தார். அவர் போன பிறகு பிறந்த பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. மருமகள் லட்சுமியையும் பிள்ளையையும் ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பவேண்டும் என்று அந்த அம்மாள் ஆள் அனுப்பியிருந்தார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிளேட்டு. அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சேலத்துக் கடைக்காரருக்கே தெரியாது.

நான் கேமராவைத் தூக்கிக்கொண்டேன். காவேரி கண்ணாடிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள். எதிரே வந்த வண்டி மாடுகள் அந்த மினுக்கலைப் பார்த்து மிரண்டு வயலில் இறங்கின. வண்டிக்காரர் என் பரம்பரையைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதமுடியாது. அவரைச் சமாதானம் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். வீட்டில் நாங்கள் பழகியதெல்லாம் காலை இளவெயிலில். (இந்த வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

வேப்பமர நிழலில் லட்சுமி பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தார். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. முகம் அம்மிக்கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"எதுக்குங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். நான் கூடையை வெயிலில் சாய்த்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன். பிளேட்டைச் செருகி மூடியை உருவினேன். இனி ரப்பர் உருண்டையை அமுக்கினால் படம் விழுந்துவிடும். அதைக் காவேரி கையில் கொடுத்தேன்.

"நான் துணிய எடுத்துட்டு வரேன். முகத்துல வெளிச்சம் வந்தாத்தான் அமுக்கணும். அதுவரைக்கும் தொடாத" என்று ஒரு நிபுணர் தோரணையில் சொன்னேன்.

துணியை எடுத்துவிட்டுத் திரும்பினால் லட்சுமி குனிந்துகொண்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். பத்திரிகையில், நிபுணர் ஒருவர் துரைசானியின் மோவாயை விரலால் நிமிர்த்தும் படம் ஒன்று இருந்தது. நானும் கூடைக்கு முன்னால் போய் நின்று, ஒற்றை விரலால் லட்சுமியின் மோவாயை நிமிர்த்தினேன்.

ஓரமாக நின்றிருந்த சென்னம்மாளின் கண்கள் விரிவதைப் பார்த்தேன். அடுத்த கணம் அவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். என் பின்பக்கத்தில் முதல் அடி விழுந்தது.

"ஆத்தா! தப்பா நெனைக்காதீங்க! தொழிலுக்காகத் தொட்டேன்!"

இரண்டாவது அடி.

"எனக்கும் கூடப்பொறந்த தங்கச்சி இருக்குதுங்க!"

மூன்றாவது அடி இன்னும் பலமாக விழுந்தது. பத்திரிகை, துரைசானி, அம்புக்குறி என்று என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டபடி மரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அந்த அம்மாள் விடாமல் துரத்தினார்.

"நில்லுடா, நில்லுடான்னா ஓடறியே! வேட்டி பத்திக்கிச்சுடா!"

அப்போதுதான் எனக்குச் சூடு உறைத்தது. கூடையிலிருந்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, உச்சிவெயிலை என் இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் குவித்திருந்தன. அதற்குமேல் ஓடாமல் அங்கேயே தொப்பென்று தரையில் உட்கார்ந்து தீயை அணைத்தேன். எழுந்தபோது வேட்டியில் ஒரு தோசை அகலத்துக்கு ஓட்டை.

லட்சுமி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை கைதட்டியது. காவேரி எனக்கு ஒரு துண்டை எறிந்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "அமுக்கிட்டேனுங்க."

"இருந்த ஒரே பிளேட்டு! யாரு அமுக்கச் சொன்னது?"

"நீங்கதான சொன்னீங்க, முகத்துல வெளிச்சம் வந்தா அமுக்குன்னு. அந்தப் பொண்ணு முகத்துல வந்துச்சு, அமுக்கிட்டேன்."

துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். விளக்கில் சிவப்புத் துணி சுற்றிப் பிளேட்டைக் கழுவினோம். வெயிலில் அச்செடுத்துப் பார்த்தால், நடுவில் வாய் நிறையச் சிரிக்கும் லட்சுமி, மடியில் கையைத் தூக்கிய பிள்ளை. வலப்பக்கம் விளக்குமாற்றை ஓங்கியபடி சென்னம்மாள். படத்தின் ஓரத்தில், வெளியே ஓடிக்கொண்டிருக்கும் என் பாதி உடம்பு. (எந்தப் பாதி என்று கேட்கவேண்டாம்.)

வேறு வழியில்லாமல் அதை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை விளக்குமாறு படத்துக்காக விழும் என்று தயாராகத்தான் போனேன். சென்னம்மாள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நான் இவ்ளோ உசரமா இருக்கேனா?" என்றார். பிறகு, "இதையே அனுப்பு. ஆத்தா தெம்பாத்தான் இருக்கான்னு அவனுக்குத் தெரியட்டும்" என்றார்.

யுத்தம் முடிந்து முனுசாமி ஊர் திரும்பினார். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எல்லாரு வூட்டுலயிருந்தும் போட்டோ வரும்ங்க. எல்லாம் போலீசு முன்னாடி நிக்கிற மாதிரி நிப்பாங்க. எம்பொண்டாட்டி மட்டுந்தான் சிரிச்சா. கூட இருந்தவங்க மனசு சோந்துபோனா, 'அந்தப் படத்தக் கொஞ்சம் குடுப்பா'ன்னு எங்கிட்டத்தான் வந்து கேப்பாங்க" என்றார்.

தானும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்றார். நால்வரையும் வாசலில் நிறுத்தினேன். பட்டாளத்துக்காரர் முதல் பிள்ளை வரை எல்லோரும் விறைத்துக்கொண்டார்கள். காவேரி கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "ஏனுங்க, நீங்க இப்படிப் பொட்டிக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க" என்றாள்.

நின்றேன். சென்னம்மாள் என்னைப் பார்த்தார், லட்சுமி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவேரி அமுக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது. தருமபுரியில் ஸ்டுடியோ வைத்தபோதும், பெண்களும் பிள்ளைகளும் காவேரியைத் தேடித்தான் வந்தார்கள். நான் தகடு பிடிப்பேன், பிறகு கேமரா பக்கத்தில் வந்து நிற்பேன். என் கதை ஊருக்கே தெரியும் என்பதால் வேறு எதுவும் செய்யவேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வரும் மருமகள்கள் குடும்பப் படங்களைப் பார்த்துவிட்டு, "மாமா ஏன் ஒண்ணுலகூட இல்ல?" என்று கேட்பார்கள். "அதுல எல்லாரும் யாரப் பாத்துச் சிரிக்கறாங்கன்னு நெனைக்கற?" என்பாள் காவேரி.