கருமுட்டையும் மூன்று நாள் முன்னறிவிப்பும்

மனிதகுல வரலாற்றில் ஒரு பெண்ணின் கருப்பையைப் பத்துப் பேர் கூடிக் கண்ணும் கருத்துமாக நிர்வகித்த ஒரே அலுவலகம் எங்களுடையது என்பதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே, சாலையிலிருந்து பார்த்தால் திராட்சைப் பந்தல் மறைக்கிற இடத்தில் இருக்கிறது, அது போதும். பெயர் தெரிந்தால் மற்ற அலுவலகங்களும் பின்பற்றத் தொடங்கிவிடும். அப்புறம் எங்களுக்கு என்ன தனிச்சிறப்பு?

நான் அதன் மேலாளர், சுந்தரலிங்கம். இருபத்தாறு வருடப் பணியில் நான் விதியை மீறியதில்லை. விதியும் என்னை மீறியதில்லை.

மலையம்மாள் எங்கள் தட்டச்சர். அனுமந்தன்பட்டிக்காரர். 2000ஆம் ஆண்டு தை மாதம் பால்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டார். பால்பாண்டி உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். தையில் கல்யாணம் என்றால், சித்திரையிலேயே எங்கள் அலுவலகம் விசாரணையைத் தொடங்கிவிட்டது. காலை பதினோரு மணி டீ வந்ததும் தபால் பிரிவு அக்கம்மாள் கேட்பார்.

"என்னத்தா, விசேசம் உண்டா?"

"இல்லக்கா."

"நாளு கீளு தள்ளிப் போயிருக்கா?"

"இல்லக்கா. பஸ்ஸுதான் தள்ளி வந்துச்சு."

அக்கம்மாள் விடுப்பில் போனால் இந்தப் பொறுப்பு பதிவேட்டு எழுத்தர் ஏசுதாசனுக்கு மாறும். மூன்று வருடத்தில் ஒரு வேலை நாள்கூடக் கேள்வி விடுபட்டதில்லை. இதைத்தான் 'மனிதநேயம்' என்கிறார்கள்.

2003 ஜனவரியில் மலையம்மாள் என் அறைக்கு வந்து நின்றார். கையில் விடுப்பு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார். வெளிப்படைத்தன்மையில் நம்பிக்கை உள்ளவன் என்பதால் என்ன சொந்த வேலை என்று கேட்டேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தேனியில ஒரு டாக்டரம்மாவப் பாக்கப் போறோம் சார். கொழந்தைக்கு."

"எந்தக் கொழந்தைக்கு?"

"இனிமே பொறக்கப்போற கொழந்தைக்கு சார்."

இது கொள்கை சார்ந்த விஷயம். தனி ஒருவனாக முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலை நாலரை மணிக்கு ஊழியர் கூட்டம் கூட்டினேன். பொருள்: 'மருத்துவரை நாடும் காலம் வந்துவிட்டதா?' கூட்ட அறிவிப்பைத் தட்டச்சு செய்ய வேண்டியவர் மலையம்மாள்தான். வேறு தட்டச்சர் கிடையாது. நான்கு நகல் எடுத்துக் கொடுத்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அந்தக் கடமையுணர்ச்சியைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே பாராட்டினேன்.

அக்கம்மாள் முதலில் பேசினார். "எங்க மதினிக்கு ஒம்பது வருசம் கழிச்சுத்தான் பொறந்தான். ஒரு டாக்டரும் பாக்கல. இப்ப போடியில ஏலக்கா யாவாரம் பண்றான்."

ஏசுதாசன் எழுந்தார். "மூணு வருசம் எல்லாம் ஒரு காலமா? நம்ம ஆபீசுல மூணு வருசக் கோப்பைப் புதுசுன்னுதான சொல்லுவோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சம்பந்தப்பட்டவருக்கும் வாய்ப்பளிப்பது இயற்கை நீதி என்பதால் மலையம்மாளைப் பேசச் சொன்னேன்.

"டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டேன் சார். வயசு முப்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா ஒரு வருசம் பாத்துட்டு வந்துரணுமாம். முப்பத்தஞ்சு தாண்டிட்டா ஆறு மாசத்துக்கு மேல காத்திருக்கக் கூடாதாம். எனக்கு முப்பத்திரண்டு. மூணு வருசம் ஆச்சு. ஏன் இவ்வளவு நாள் வரலேன்னு கேட்டாக."

"அப்படிச் சொன்னது எத்தனை டாக்டர்?" என்று கேட்டார் ஏசுதாசன்.

"ஒருத்தர்தான்."

"இங்கன நாங்க பத்துப் பேரு இருக்கோம்."

ஜனநாயகம் அதன் வேலையைச் செய்தது. 'இயற்கைக்கு மேலும் இரண்டு ஆண்டு அவகாசம் வழங்கலாம்' என்ற தீர்மானம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. அவருக்குத் தேவைப்பட்டது கரு. நாங்கள் கொடுத்தது கருத்து. உள்ளதைத்தானே கொடுக்க முடியும்?

ஆனால் மலையம்மாள் தீர்மானங்களை மதிக்கிற ரகமில்லை. அடுத்து வந்த இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை நாளில், புருசனையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போய்விட்டார். எங்களுக்கு இது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அலுவலக ஆழ்துளைக் கிணற்று மோட்டார் புகைந்துபோய், அதைப் பார்க்கப் பால்பாண்டி வந்தபோது.

ஆணுக்கு ஆண் நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஏசுதாசனும் வந்தார். மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார் பால்பாண்டி.

"தம்பி, வீட்டம்மா சொல்றாகன்னு நீங்களும் டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு போயிறாதீக" என்றேன். "ஆம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்?"

"நான் அன்னைக்கே குடுத்துட்டேன் சார்."

"என்னத்த?"

"டெஸ்ட்டுக்குத்தான். எனக்குத்தான் கொறையாம். எண்ணிக்கை கம்மியா இருக்காம். அவளுக்குப் பெருசா ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாக. மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கேன்." கட்டிங் பிளேயரை எடுத்து ஒரு கம்பியை வெட்டினார். "மோட்டாரு ஓடலேன்னா காயிலயும் பாக்கணும், கரண்டையும் பாக்கணும். ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு மாத்தக் கூடாதுல்ல சார்?"

மலையம்மாளுக்கென்று எங்களிடம் இருபது யோசனைகள் தயாராக இருந்தன: மலைவேம்பு, செவ்வாழை, கிழக்கே தலை வைத்துப் படுப்பது. ஒரு ஆம்பளைக்குச் சொல்ல எங்களிடம் ஒரு யோசனையும் இல்லை. ஆழ்ந்து பரிசீலித்த பிறகு, மலையம்மாளையே தொடர்ந்து கேட்பது என்று முடிவாயிற்று. மறுநாள் பதினோரு மணிக்கு அக்கம்மாள் கேட்டார். "என்னத்தா, விசேசம் உண்டா?"

சில மாதம் மாத்திரையோடு போயிற்று. பிறகு டாக்டரம்மா ஒரு சிகிச்சை சொன்னார். புருசனிடமிருந்து எடுத்ததைச் சுத்தம் செய்து, மனைவியின் கருப்பைக்குள் குழாய் வழியாகச் செலுத்துகிற சிகிச்சை. அதற்கு நாள் முக்கியம். கருமுட்டை வளர்வதை ஸ்கேனில் பார்த்து, ஊசி போட்டு, முப்பத்தாறு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு மலையம்மாள் காலை ஆறு மணி பஸ்ஸில் தேனிக்குப் போய், மாதம் இரண்டு முறை மட்டும் அனுமதிக்கப்பட்ட ஒரு மணி நேரத் தாமதத்தைப் பயன்படுத்தி வந்து சேர்ந்துவிடுவார். பஸ்ஸிலேயே இட்லி. இதில் விதிமீறல் எதுவும் இல்லாததால் நான் தலையிடவில்லை.

செலுத்துகிற நாளுக்குத்தான் முழு நாள் விடுப்பு வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து கேட்டார்.

"வியாழக்கிழமை லீவு வேணும் சார்."

"தற்செயல் விடுப்புக்கு மூணு நாளைக்கு முன்னால எழுதிக் குடுக்கணும்மா."

"இன்னைக்குக் காலைல ஸ்கேன்லதான் சார் தெரிஞ்சது. முட்ட தயாராயிருச்சாம். இன்னைக்கு ராத்திரி ஊசி."

"ஒரு நாள் முன்னால சொல்லியிருக்கக் கூடாதா?"

"அது சொல்லிட்டு வராது சார்."

இங்கே பொதுமக்களிடம் உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த விரும்புகிறேன். தற்செயல் விடுப்பு என்றால் தற்செயலாக எடுப்பது என்று நினைக்கிறார்கள். மூன்று நாளுக்கு முன்பே திட்டமிட்டு எடுப்பதுதான் தற்செயல். கருமுட்டை இரண்டு நாள் அவகாசம் தருகிறது. அலுவலகம் மூன்று நாள் கேட்கிறது. வித்தியாசம் ஒரே ஒரு நாள். இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கலாம். கருமுட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

நோய் விடுப்பு கேட்டுப் பார்த்தார். "என்ன நோய்?" என்று கேட்டேன். குழந்தை இல்லாதது நோய்ப் பட்டியலில் இல்லை. மகப்பேறு விடுப்பு தாராளமாக உண்டு; அதற்குக் கருத்தரித்திருக்க வேண்டும். தாய்க்கு விடுப்பு இருக்கிறது. தாயாக முயல்கிறவருக்கு இல்லை. இதை யார் எழுதினாரோ, தெளிவாக எழுதியிருக்கிறார்.

ஏசுதாசன், பாவம், இளகிய மனசுக்காரர். "தலைவலின்னு எழுதிக் குடுத்துருங்க தங்கச்சி" என்று ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். தலைவலி என்று விண்ணப்பம் வந்தது. எனக்குத்தான் உண்மை தெரியுமே? ஒரு ஊழியரைப் பொய்யராக்க நான் சம்மதிக்கவில்லை. திருப்பிவிட்டேன்.

இப்படி இரண்டு வருடத்தில் எட்டு மாதங்கள் போயின. இடையில் சில மாதம் முட்டை சரியாக வளரவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல. ஒரு முறை மார்ச் மாதம். ஆண்டு முடிவில் யாருக்கும் விடுப்பு கிடையாது. ஒரு முறை தேர்தல் வேலை. ஒரு முறை மாவட்ட அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல். மலையம்மாள் முந்தாநாள் ராத்திரியே ஊசி போட்டிருந்தார். பத்தரைக்குள் தேனியில் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். "அதிகாரி வந்துட்டுப் போகட்டும்மா" என்றேன். அதிகாரி வரவில்லை. குடும்பத்தோடு மேகமலைக்குப் போய்விட்டதாக மூன்று மணிக்குத் தெரிந்தது. மலையம்மாள் ஒரே சுற்றறிக்கையை இரண்டு முறை தட்டச்சு செய்திருந்தார். பன்னிரண்டரைக்கு எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். சித்திரை வெயில். யாராக இருந்தாலும் கழுவத்தான் செய்வார்கள்.

அன்று மாலை பால்பாண்டி அவரைக் கூட்டிப்போக வந்தார். கடையை அடைத்துவிட்டுக் காலையிலிருந்து தேனி ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாராம். எங்கள் மோட்டார் அப்புறம் இரண்டு தடவை புகைந்தது, அவர் வரவில்லை.

2005 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி. மலையம்மாள் தட்டச்சுப் பொறிக்கு உறையைப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"நான் போயிட்டு வாரேன் சார்."

"எங்கன?"

"தேனிக்கு."

"உங்களுக்கு விடுப்பு இல்லையே."

"தெரியும் சார்."

"அப்ப எப்படிப் போவீக?"

"பஸ்ஸுலதான் சார்."

போய்விட்டார். அக்கம்மாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பதினோரு மணிக்குக் கேள்வி கேட்கப்படவில்லை. எங்கள் அலுவலக வரலாற்றில் அதுவே முதல் முறை.

நான் கடமையைச் செய்தேன். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'அனுமதியின்றி வரவில்லை' என்று எழுதினேன். மறுநாள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன். அதையும் அவர்தான் தட்டச்சு செய்தார். விளக்கத்தைப் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தார். 'நேற்று நான் அலுவலகத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். தேவைப்பட்டால் அடுத்த மாதமும் இருப்பேன்.'

அடுத்த மாதம் தேவைப்படவில்லை.

2006 ஏப்ரலில் தேனியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. மகப்பேறு விடுப்பு விண்ணப்பத்தை அரை நாளில் அனுமதித்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். விடுப்பு முடிந்து அவர் திரும்பிய அன்று ஒரு சிறிய விழா வைத்தோம். லட்டு, காராச்சேவு. பால்பாண்டி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கமே நின்றார். அக்கம்மாள் குழந்தையைக் கையில் வாங்கி, "ஆத்தா, நாங்க வேற தெனமும் கேட்டு ஒன்னியக் கொன்னுருக்கமேத்தா" என்றார். விழாவுக்குப் பொருத்தமில்லாத பேச்சு. நான் உடனே எழுந்து உரையாற்றினேன்.

ஆறு ஆண்டுகளாக இந்த அலுவலகம் காட்டிய அக்கறையின் பலன்தான் இந்தக் குழந்தை என்றேன். இது மலையம்மாளின் குழந்தை மட்டுமல்ல, நம் அனைவரின் குழந்தை என்றேன். இறுதியாக, யாரும் எதிர்பாராத ஒரு பரிசை அறிவித்தேன். 2005 ஜூலையில் 'அனுமதியின்றி' என்று பதிவான அந்த ஒரு நாளை, என் அதிகாரத்துக்கு உட்பட்டு, முறையான தற்செயல் விடுப்பாக மாற்றித் தருவதாகச் சொன்னேன். விளக்கம் கேட்ட குறிப்பாணையும் ரத்து. இருபத்தாறு வருடத்தில் நான் வளைத்த முதல் விதி. கை தட்டினார்கள். ஏசுதாசன் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

"மாத்தாதீக சார்" என்றார் மலையம்மாள்.

"ஏம்மா? உங்களுக்கு நல்லதுதான?"

"அதுக்கு முந்தி நான் லீவு கேட்டு நீங்க குடுக்காத நாளு எட்டு இருக்கு. அன்னைக்கெல்லாம் எம்பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு?"

ஏசுதாசன் பக்கங்களைப் புரட்டினார். எட்டு இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். "ஆஜர். எட்டு நாளும் ஆஜர்தான்."

"அப்ப இந்த ஒரு நாளும் அப்படியே இருக்கட்டும் சார். லீவு குடுத்ததா எழுதிட்டா, நீங்க குடுத்துப் பொறந்த பிள்ளன்னு ஆயிரும்." குழந்தை சிணுங்கியது. அக்கம்மாளிடமிருந்து அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "இவ வளந்து, நான் எப்படிம்மா பொறந்தேன்னு கேட்டா இந்தச் செவப்பு மையக் காட்டுவேன். எனக்கு ஏன்மா அண்ணன் அக்கா இல்லன்னு கேட்டா அந்த எட்டு ஆஜரையும் காட்டுவேன்."

நான் பேனாவை மூடினேன். எங்கள் அலுவலகப் பதிவேடுகள் எவ்வளவு துல்லியமாகப் பராமரிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒன்பது நாள், ஒன்பது பதிவு. ஒன்பதிலும் கீழே என் முழுக் கையெழுத்து இருக்கிறது.